மாத்திரைக்கு அடங்காத பிரஷர்

பங்குனி வெயிலில் மிளகாய்ப்பழம் எடுத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண் நிமிர்ந்து நின்று, "தலை தெறிக்கிற மாதிரி வலிக்குது, நெஞ்சு படபடன்னு அடிக்குது, வேர்த்து ஊத்துது" என்றால், பக்கத்து நிரையில் குனிந்திருப்பவர் "வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்க்கா, செத்த நேரம் நெழல்ல உக்காருங்க" என்றுதான் சொல்வார். கயத்தாறைச் சுற்றியுள்ள கரிசல் காட்டில் அந்தப் பதில் பெரும்பாலும் சரியான பதில். ஒதுங்க மரமில்லாத மானாவாரி நிலம்; பகலெல்லாம் வாங்கிய சூட்டைக் கறுப்பு மண் திருப்பிக் கக்கும். ஆனால் தலைவலி, படபடப்பு, வியர்வை என்ற இந்த மூன்றும் ஒன்றாக வந்து, கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கி, வீட்டில் சும்மா படுத்திருக்கும்போதும் திரும்பத் திரும்ப வருமானால், வெயிலை விட்டுவிட்டு வேறொன்றைத் தேட வேண்டும். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் கட்டி ஒன்று வளர்ந்து, தேவையில்லாத நேரத்தில் ஹார்மோனை ரத்தத்தில் கொட்டிக்கொண்டிருக்கலாம். அதேபோல, "கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது, கைகால் ஓய்ஞ்சு வருது, ராத்திரி நாலு தடவை எந்திரிக்க வேண்டியிருக்கு" என்பதைக் காட்டு வேலையின் அலுப்பு என்றும், வயசு என்றும், சர்க்கரை என்றும் கணக்கு வைத்துவிடுகிறோம். அதற்குப் பின்னாலும் அதே சுரப்பியின் இன்னொரு வகைக் கட்டி இருக்கக்கூடும். இரண்டும் ரத்த அழுத்தத்தை ஏற்றுபவை. இரண்டையும் கண்டுபிடிக்க முடியும். பல சமயம் குணப்படுத்தவும் முடியும்.

தமிழ்நாட்டில் 2020-இல் நடந்த தொற்றா நோய்க் கணக்கெடுப்பில், 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் ஏறத்தாழ 34 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதாகத் தெரிந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7 சதவீதத்தைச் சற்றே தாண்டினார்கள். அடுத்த ஆண்டு, 2021 ஆகஸ்ட் 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டு வாசலுக்கு வந்தன. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்க முடியாத கரிசல் ஊர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்லத் தேவையில்லை. மாத்திரை வாசலுக்கு வந்துவிட்டது. ஆனால், இந்த ஆளுக்கு ஏன் பிரஷர் வந்தது என்ற கேள்வி மட்டும் இன்னும் நகரத்துப் பெரிய மருத்துவமனையிலேயே நிற்கிறது. மாத்திரையோடு அந்தக் கேள்வியும் ஊருக்குள் வர வேண்டும், வர முடியும் என்பதே இங்கே சொல்ல விரும்புவது.

பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. வயது, பரம்பரை, உப்பு, உடல் எடை, புகை, மது என்று பல சேர்ந்து வருவது அது. அட்ரினல் சுரப்பி சம்பந்தப்பட்டது தனிக் கதை. இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று என இருக்கும் இச்சுரப்பிகள் ஒவ்வொன்றும் நான்கைந்து கிராம் எடைதான். வெளித்தோல் போன்ற பகுதியில் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் உண்டாகிறது. உடம்பில் உப்பும் நீரும் குறையும்போது அவற்றைச் சிறுநீரில் விட்டுவிடாமல் பிடித்து வைக்கச் சொல்வதும், பதிலுக்குப் பொட்டாசியத்தை வெளியே அனுப்பச் சொல்வதும் அதன் வேலை. இந்த வேலைக்கு மேற்பார்வை சிறுநீரகத்திலிருந்து வரும் ரெனின். உப்பு போதும் என்றால் ரெனின் இறங்கும், ஆல்டோஸ்டிரோனும் இறங்கும். கட்டிக்கு அந்த மேற்பார்வை கிடையாது. ரெனின் அடங்கிப் போன பிறகும் அது ஆல்டோஸ்டிரோனைச் சுரந்துகொண்டே இருக்கும். உப்பும் நீரும் தேங்கி அழுத்தம் ஏறும். பொட்டாசியம் வடிந்து தசை தளரும், இழுத்துப் பிடிக்கும். சுரப்பியின் உள்பகுதியில் உண்டாவது அட்ரினலின், நார்அட்ரினலின். நாய் துரத்தும்போது நம்மை ஓட வைப்பவை இவைதான். அங்கே கட்டி வந்தால், துரத்த எதுவும் இல்லாமலே உடம்பு ஓடத் தயாராகிவிடும். முன்னதற்குக் கான் நோய் என்று பெயர், பின்னதற்கு ஃபியோகுரோமோசைட்டோமா. இரண்டு கட்டிகளிலும் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கட்டி என்ற சொல்லைக் கேட்டதுமே ஊரில் பாதி உயிர் போய்விடுகிறது.

கான் நோய் கண்டுபிடிக்கப்பட்ட விதமே நமக்கு ஒரு பாடம். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கான் என்ற மருத்துவரிடம் 1954-இல் 34 வயதுப் பெண் ஒருவர் வந்தார். பல ஆண்டுகளாகக் கால் தளர்ச்சி, தசைப் பிடிப்பு, கூடவே உயர் ரத்த அழுத்தம். ரத்தத்தில் பொட்டாசியம் மிகக் குறைவு. கான் அவரை மாதக்கணக்கில் மருத்துவமனையில் வைத்து, உள்ளே போன உப்பையும் வெளியே வந்த உப்பையும் நாள்தோறும் அளந்தார். வியர்வையில் உப்பு மிகக் குறைவாக இருந்ததைக் கண்டு, உப்பைப் பிடித்து வைக்கும் ஹார்மோன் ஒன்று அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனையே அதற்கு ஓராண்டுக்கு முன்புதான் பிரித்தெடுத்திருந்தார்கள். அந்த டிசம்பரில் அறுவை நடந்தது. இரண்டு சுரப்பிகளையும் எடுத்துவிடுவதாகத்தான் திட்டம். திறந்து பார்த்தபோது வலப்புறத்தில் நான்கு சென்டிமீட்டர் கட்டி. அதை மட்டும் எடுத்தார்கள், மற்றச் சுரப்பியை விட்டுவிட்டார்கள், அழுத்தம் இறங்கியது. ஸ்கேன் இல்லாத காலம் அது. "கால் இழுத்துப் பிடிக்குது" என்ற ஒரு புகாரை அலுப்பு என்று ஒதுக்காமல் கேட்ட காதும், தினமும் எழுதி வைத்த கணக்குமே அந்தக் கட்டிக்கு வழி காட்டின.

இது அபூர்வமான நோய் என்று மருத்துவ மாணவர்களுக்கு நெடுங்காலம் சொல்லித்தரப்பட்டது. அளந்து பார்க்க ஆரம்பித்த பிறகு அந்தப் பேச்சு நிலைக்கவில்லை. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு ஆல்டோஸ்டிரோன் மிகைதான் காரணம் என்று இன்று கணிக்கப்படுகிறது. மூன்று வகைப் பிரஷர் மாத்திரை போட்டும் அடங்காதவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இது இருக்கலாம். எல்லாருக்கும் கட்டிதான் என்றில்லை. பலருக்கு இரு சுரப்பிகளும் சேர்ந்தே அதிகம் சுரக்கும். ஒரு கரிசல் கிராமத்தில் 1,000 பெரியவர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாநிலக் கணக்குப்படி சுமார் 340 பேருக்குப் பிரஷர். அதில் 17 முதல் 34 பேர் வரை இந்த வகையாக இருக்கக்கூடும். ஃபியோகுரோமோசைட்டோமா அப்படியல்ல. ஆயிரம் பிரஷர்காரர்களில் இரண்டு முதல் ஆறு பேருக்குத்தான் அது. அந்தக் கிராமத்தில் ஒருவர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

எந்தப் பிரஷராக இருந்தால் என்ன, மாத்திரை போட்டு இறக்கினால் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான ஒரு கணக்கில், சாதாரணப் பிரஷர் உள்ளவர்களைவிட ஆல்டோஸ்டிரோன் மிகை உள்ளவர்களுக்குப் பக்கவாதம் இரண்டரை மடங்கும், இதயத் துடிப்பு தாறுமாறாகும் கோளாறு மூன்றரை மடங்கும், இதயச் செயலிழப்பு இரு மடங்கும் கூடுதலாக இருந்தது. இந்த ஹார்மோன் அழுத்தத்தை ஏற்றுவதோடு நிற்பதில்லை. இதயத் தசையையும் ரத்தக் குழாயையும் சிறுநீரகத்தையும் நேராகவே கெடுக்கிறது. தாமதத்துக்கும் விலை உண்டு. ஒரு பக்கச் சுரப்பியை எடுத்த 700-க்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய பன்னாட்டு ஆய்வு 2017-இல் வந்தது. நூற்றுக்கு 94 பேருக்கு ஹார்மோன் கோளாறு தீர்ந்தது. ஆனால் மாத்திரையே வேண்டாம் என்ற நிலைக்கு வந்தவர்கள் 37 பேர்தான். இன்னும் 47 பேருக்கு மாத்திரை குறைந்தது அல்லது அழுத்தம் இறங்கியது. இளையவர்களுக்கும் பெண்களுக்கும் பலன் கூடுதல். வருடக்கணக்கில் அழுத்தம் தாங்கி விறைத்துப்போன ரத்தக் குழாய், கட்டி போன பிறகும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. முப்பத்தைந்து வயதில் கண்டுபிடிப்பதும் அறுபதில் கண்டுபிடிப்பதும் ஒன்றல்ல.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. கிராமத்தில் பிரஷர் அடங்காததற்குக் காரணம் கட்டியா? மாத்திரையை ஒழுங்காகப் போடாததுதானே? தலைவலி நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், பக்கத்து வீட்டுக்காரரிடம் பாதியைக் கொடுப்பார்கள், ஊறுகாயையும் கருவாட்டையும் விடமாட்டார்கள். இது உண்மை. அந்த 7 சதவீதக் கணக்கின் பெரும்பகுதிக்கு இதுவே காரணமாக இருக்கும். ஆனால் வீட்டுக்கு வரும் திட்டத்தின் பெருமையே இங்கேதான் இருக்கிறது. முன்பு, அடங்காத பிரஷர் என்றால் மாத்திரை போடவில்லை என்பதா, போட்டும் கேட்கவில்லை என்பதா என்று தெரிய வழியில்லை. இப்போது மாதந்தோறும் மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலருக்கு, போன மாத அட்டை காலியாகியிருக்கிறதா என்பது தெரியும். அழுத்த அளவும் பதிவாகிறது. ஒழுங்காகப் போட்டும் ஆறு மாதமாக 160-க்குக் கீழே வராதவர் யார் என்பதை அந்தப் பதிவே காட்டிவிடும். நெல்லைத் தூற்றினால் பதர் பறந்துவிடும். கையில் நிற்பதைப் பார்த்தால் போதும். ஊரில் உள்ள 340 பேரையும் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லவில்லை. மாத்திரை சேர்ந்தும் அழுத்தம் அடங்காத அந்தச் சிலரை அனுப்புங்கள் என்பதே கோரிக்கை.

அந்தச் சிலரிடமும் முதலில் கேட்க வேண்டியவை எளிய கேள்விகள். மூட்டு வலிக்கு, இடுப்பு வலிக்கு மெடிக்கலில் வாங்கி விழுங்கும் வலி மாத்திரை தினமும் உண்டா? அதுவே அழுத்தத்தை ஏற்றும். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் முகம் வீங்கி, வயிறு பெருத்து, சர்க்கரையும் சேர்ந்துகொள்ளும். குறட்டையும் பகல் தூக்கமும் உண்டா? சிறுநீரில் புரதம் போகிறதா? இன்னொரு கேள்வி நம் ஊருக்கே உரியது: இருமலுக்கு அதிமதுரம் தின்கிறீர்களா? நாட்டு மருந்துக் கடையில் வாங்கி நாள்கணக்கில் சுவைக்கிற அந்த வேர், அளவு மீறினால் உடம்பில் உப்பைத் தேக்கும், பொட்டாசியத்தை வடிக்கும். பார்ப்பதற்கு அப்படியே கான் நோய் போலவே இருக்கும். கட்டியைத் தேடக் கற்றுத்தந்த அதே ஜெரோம் கான், அதிமதுரம் செய்யும் இந்த வேடத்தைப் பற்றியும் 1968-இல் எழுதினார். வேரை நிறுத்தினால் அழுத்தமும் சில வாரங்களில் இறங்கிவிடும். ஸ்கேன் வேண்டாம், கத்தி வேண்டாம்.

இவையெல்லாம் இல்லை என்றால்தான் ரத்தப் பரிசோதனை. ஆல்டோஸ்டிரோன் எவ்வளவு, ரெனின் எவ்வளவு என்று ஒரே நேரத்தில் அளந்து, ஒன்றை மற்றதால் வகுத்துப் பார்ப்பது. மேற்பார்வையாளர் படுத்துவிட்டார், வேலையாள் மட்டும் ஓயாமல் ஓடுகிறார் என்றால், அதாவது ரெனின் அடங்கியும் ஆல்டோஸ்டிரோன் உயர்ந்தே இருந்தால், கோளாறு சுரப்பியில்தான். காலையில் எழுந்து இரண்டு மணி நேரமாவது நடமாடிய பிறகு, சிறிது நேரம் உட்கார வைத்து ரத்தம் எடுப்பது நல்லது. பொட்டாசியம் குறைந்திருந்தால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஆல்டோஸ்டிரோன் பொய்யாகக் குறைந்து காட்டும். பொட்டாசியம் சரியாக இருக்கிறது என்பதால் நோய் இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது. இந்த நோய் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பொட்டாசியம் சாதாரண அளவில்தான் இருக்கும். கயத்தாறு போன்ற ஊர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு. இங்கே எடுக்கும் ரத்தம் பெரிய நகரத்து ஆய்வுக்கூடத்துக்குப் பயணம் போக வேண்டியிருக்கும். ரெனினுக்கான ரத்தத்தைப் பிரிக்கும் முன் ஐஸில் வைத்தால் ரெனின் பொய்யாகக் கூடிவிடும், நோய் மறைந்துவிடும். அதனால் திருநெல்வேலிக்கு நேரில் போய்க் கொடுப்பது மேல்.

ஃபியோகுரோமோசைட்டோமா அபூர்வம்தான், ஆனால் அதைத் தவற விட்டால் ஆள் போய்விடலாம். 1886-இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் ஃபெலிக்ஸ் ஃபிராங்கெல் என்ற மருத்துவர், திடீர் திடீரென்று படபடப்பும் தலைவலியும் வந்து இறந்துபோன 18 வயதுப் பெண்ணின் இரு அட்ரினல் சுரப்பிகளிலும் கட்டி இருந்ததை எழுதி வைத்தார். 120 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2007-இல், அந்தப் பெண்ணின் உறவினர்களில் அப்போது வாழ்ந்தவர்களைத் தேடிப் பரிசோதித்தபோது இந்தக் கட்டியை உண்டாக்கும் மரபணுக் கோளாறு அவர்களிடம் இருந்தது. இந்தக் கட்டி உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அது பரம்பரையாக வருகிறது, வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் அந்த மரபணுச் சோதனை நடக்கிறது. கரிசல் ஊர்களில் ஒரு தெருவே சொந்தபந்தமாக இருக்கும். சின்ன வயதில் பிரஷர் வந்தவர், காரணம் தெரியாமல் திடீரென்று போனவர், தைராய்டில் புற்றுநோய் வந்தவர் குடும்பத்தில் உண்டா என்று கேட்க அதிகம் அலைய வேண்டியதில்லை. இதற்கான சோதனை, அட்ரினலின் வகை ஹார்மோன்கள் சிதைந்து உண்டாகும் மெட்டாநெஃப்ரின்களை ரத்தத்திலோ, 24 மணி நேரம் சேர்த்த சிறுநீரிலோ அளப்பது. ரத்தத்தில் என்றால் அரை மணி நேரம் படுத்திருந்து கொடுக்க வேண்டும். சிறுநீர் என்றால் ஒரு நாள் முழுவதும் ஒரு துளியும் சிந்தாமல் கேனில் பிடிக்க வேண்டும். காட்டு வேலைக்குப் போகாத ஒரு நாளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கட்டி இருப்பது தெரியாமலே நடக்கும் இரண்டு காரியங்கள் ஆபத்தானவை. ஒன்று, படபடப்பு இருக்கிறதே என்று அட்டினலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரையை மட்டும் கொடுப்பது. இதயத்தைத் தட்டி அடக்கும் அந்த மாத்திரை, ரத்தக் குழாய் சுருங்குவதை அடக்காது. அழுத்தம் இறங்குவதற்குப் பதில் எகிறிவிடலாம். மற்றது, வேறு ஏதோ ஒரு அறுவைக்காக மயக்க மருந்து கொடுப்பது. கட்டி இருப்பது தெரிந்துவிட்டால் கதையே வேறு. ஆல்ஃபா பிளாக்கர் என்ற மாத்திரையை ஒன்றிரண்டு வாரம் கொடுத்துச் சுருங்கிய குழாய்களை முதலில் தளர்த்துவார்கள். அந்த நாள்களில் நிறையத் தண்ணீர் குடி, உப்பையும் குறைக்காதே என்பார்கள். பிரஷர்காரரிடம் உப்புச் சாப்பிடச் சொல்லும் ஒரே இடம் அதுவாகத்தான் இருக்கும். பிறகு அறுவை. சுவிட்சர்லாந்தில் செசார் ரூ 1926-இலும் அமெரிக்காவில் சார்லஸ் மேயோ 1927-இலும் இக்கட்டியை எடுத்துக் காட்டியபோது அதற்கு மருந்து முன்னேற்பாடு எதுவும் கிடையாது. இன்று சென்னை மருத்துவக் கல்லூரியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் இத்தகைய சுரப்பிகளுக்கென்றே தனி அறுவைத் துறைகள் இருக்கின்றன.

இரண்டாவது மறுப்பு: இதெல்லாம் செலவு, அலைச்சல், தேவையில்லாத பயம். ஸ்கேன் எடுத்தால் ஏதாவது தெரியத்தான் செய்யும். அதைப் பிடித்துக்கொண்டு ஏழையைக் கடன்காரனாக்குவார்கள். இந்தப் பயத்திலும் நியாயம் இருக்கிறது. நடுவயதைத் தாண்டியவர்களை வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுத்தாலும் நூற்றில் சிலருக்கு அட்ரினலில் ஒன்றும் செய்யாத சிறு முண்டு தென்படும். ஆகவேதான் வரிசை மாறக்கூடாது. முதலில் கேள்வி, அடுத்து ரத்தம், ரத்தம் சொன்ன பிறகே ஸ்கேன். கான் நோயில் ஸ்கேன்கூட முடிவான சாட்சி இல்லை. இடப்புறம் முண்டு தெரியும், ஹார்மோன் வலப்புறத்திலிருந்து வரும். அதனால் அறுவைக்கு முன், தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி இரு சுரப்பிகளின் சிரைகளிலிருந்தும் தனித்தனியே ரத்தம் எடுத்து ஒப்பிடுவார்கள். கைப்பழக்கம் உள்ள சில மருத்துவமனைகளில்தான் அதைச் செய்ய முடியும். வரிசையைத் தலைகீழாக்கி எடுத்தவுடனே ஸ்கேனுக்கு அனுப்புபவரிடம், ரத்தப் பரிசோதனை எங்கே என்று நோயாளி கேட்கலாம்.

அறுவை வரை போக முடியாதவர்களுக்கும், இரு சுரப்பிகளும் சுரப்பவர்களுக்கும் கைவசம் மருந்து இருக்கிறது. ஸ்பைரனோலாக்டோன் அறுபது ஆண்டுக்கு மேல் பழைய மாத்திரை, விலையும் குறைவு. மூன்று மருந்துக்கும் அடங்காத பிரஷருக்கு நான்காவதாக எதைச் சேர்ப்பது என்று ஒப்பிட்ட பிரிட்டிஷ் ஆய்வில், 2015-இல், மற்ற மாத்திரைகளைத் தாண்டி முன்னால் வந்தது அதுதான். ஆண்களுக்கு மார்பு வலியும் வீக்கமும் வரலாம், பொட்டாசியம் ஏறிவிடாமல் அளந்து பார்க்க வேண்டும். மருத்துவர் கண்காணிப்பில்லாமல் தொடக்கூடாது. எனினும் காரணம் தெரிந்தால் மாத்திரையும் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ஐரோப்பிய இதய மருத்துவர்களின் 2024 வழிகாட்டுதலும், அமெரிக்காவிலிருந்து வரும் எண்டோகிரைன் சங்கத்தின் 2025 வழிகாட்டுதலும், உயர் ரத்த அழுத்தம் உள்ள எல்லாரிடமும் ஒருமுறையாவது ஆல்டோஸ்டிரோன்–ரெனின் பார்ப்பதை ஆதரிக்கின்றன. எல்லாருக்கும் என்பது நம் சுகாதார நிலையங்களுக்கு இப்போது பெரிய சுமைதான். நாற்பது வயதுக்குள் பிரஷர் வந்தவர்கள், மூன்று மாத்திரைக்கு அடங்காதவர்கள், பொட்டாசியம் குறைந்தவர்கள், திடீர் படபடப்பும் வியர்வையும் தலைவலியும் சேர்ந்து வருபவர்கள் என்று தொடங்கினால் சுமை தாங்கும் அளவுக்கு வந்துவிடும்.

கயத்தாறு திருநெல்வேலிக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில், நாலுவழிச் சாலையின் மேல் இருக்கும் ஊர். தெற்கே பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, வடக்கே ஏறினால் கோவில்பட்டி அரசு மருத்துவமனை. வீட்டிலோ தெருவிலோ மேலே சொன்ன நான்கு வகையில் ஒருவர் இருந்தால், மாத்திரை அட்டையையும் பிரஷர் எழுதிய நோட்டையும் எடுத்துக்கொண்டு அவரை அங்கே அழைத்துப் போங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம், "ஆல்டோஸ்டிரோன், ரெனின் பார்க்கணுமா டாக்டர்?" என்று கேளுங்கள். படபடப்பு வந்து வந்து போகிறது என்றால், வந்த நேரத்தில் அளந்த அழுத்தத்தையும் தேதியையும் மறக்காமல் எழுதிக்கொண்டு போங்கள்.